அம்மி நிஜமாகவே நகருமா? ஒரு பழமொழியும் கொஞ்சம் இயற்பியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மே மாதம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் டைல்ஸ் போட ஆள் வந்தபோது, பாட்டி காலத்து அம்மி குறுக்கே கிடந்தது. ஓரடி தள்ளி வைத்தால் போதும். பக்கத்து வீட்டில் ரெண்டு பேரைக் கூப்பிட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் "அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்று காலங்காலமாகச் சொல்கிறோமே, யாராவது அடித்துப் பார்த்திருக்கிறார்களா என்று ஒரு அரிப்பு. அடித்துப் பார்த்தேன், நகர்ந்தது. அதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர்களும் நண்பர்களும், முக்கியமாகப் பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளும், திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது.

அம்மி என்றால் எது? மாவு ஆட்டுவோமே, அதுவா?

இல்லை. மாவு ஆட்டுவது ஆட்டுக்கல், நடுவில் குழி இருக்கும். அம்மி தட்டையான நீளக் கல், அதன் மேல் உருளையான குழவியை முன்னும் பின்னும் இழுத்துச் சட்னி, மசாலா அரைப்பார்கள். மிக்ஸி வந்த பிறகு பல வீடுகளில் அம்மிக்குக் கத்தி தீட்டும் வேலை மட்டும்தான் மிச்சம்.

பழமொழிக்கு ஏன் அம்மி என்று யோசித்தால், கல்யாணத்தில் "அம்மி மிதித்து அருந்ததி பார்த்து" என்று சொல்வது ஞாபகம் வரும். மணப்பெண் அம்மி மேல் கால் வைப்பது, இந்தக் கல்லைப் போல அசையாமல் உறுதியாக இரு என்பதற்கு. ஆக வீட்டிலேயே அசையாத பொருள் எது என்று கேட்டால் அம்மியைத்தான் காட்டியிருப்பார்கள். அதையே நகர்த்திக் காட்டுகிறேன் என்று ஒரு பழமொழி கிளம்பினால், சும்மா கிளம்பியிருக்காது.

அதை நகர்த்த எவ்வளவு பலம் வேண்டும்?

எங்கள் வீட்டு அம்மி 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம். கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2,700 கிலோ இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 58 கிலோ வருகிறது.

தரையில் இழுத்து நகர்த்த 58 கிலோவையும் தூக்கும் பலம் வேண்டாம், உராய்வை ஜெயித்தால் போதும். கல்லுக்கும் சிமெண்டுத் தரைக்கும் உராய்வுக் குணகம், அதாவது எடையில் எத்தனை பங்கு பிடிப்பாக மாறுகிறது என்ற எண், ஏறக்குறைய 0.6 என்று வைத்துக்கொண்டேன் (எப்படி என்று கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்). 58-ஐ 9.8-ஆல் பெருக்கி, அதை 0.6-ஆல் பெருக்கினால் சுமார் 340 நியூட்டன். நியூட்டன் என்றால் பிடிபடாதவர்கள் பத்தால் வகுத்துக் கிலோ என்று நினைத்துக்கொள்ளுங்கள், பெரிய தப்பு வராது. அதாவது 35 கிலோ எடைக்குச் சமமான தள்ளு.

இதில் ஒரு விஷயம் முக்கியம், மீதி எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. அந்த 340 என்பது ஒரு வாசல்படி மாதிரி. நீங்கள் 100 நியூட்டனில் தள்ளினால் தரை எதிர்ப்பக்கம் சரியாக 100 கொடுக்கும். 300-இல் தள்ளினால் 300. கல் அசையாது. 340-ஐத் தாண்டும்போதுதான் தரையின் கையிருப்பு தீர்ந்து கல் வழுக்கத் தொடங்கும். வழுக்கத் தொடங்கியதும் உராய்வு கொஞ்சம் குறைந்துவிடும், அதாவது ஓய்வுநிலை உராய்வைவிட இயக்க உராய்வு குறைவு. இந்த அம்மிக்கு அது 285 என்று வைத்துக்கொள்வோம். பீரோவைத் தள்ளும்போது "கிளப்புறதுதான் கஷ்டம், கிளம்பிட்டா போயிடும்" என்கிறோமே, அது இதுதான்.

சரி, தள்ளினால் நகராதது அடித்தால் மட்டும் எப்படி நகரும்? இரண்டுக்கும் ஒரே கை, ஒரே ஆள்தானே?

நல்ல கேள்வி. பழமொழியின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

நான் முதலில் தள்ளித்தான் பார்த்தேன். குனிந்து, சுவரில் கால் முட்டுக் கொடுக்க இடமில்லாமல், ஈரத் தரையில் செருப்போடு தள்ளினேன். செருப்பு வழுக்கிப் பின்னால் போனது, அம்மி இருந்த இடத்தில் இருந்தது. அம்மிக்கும் தரைக்கும் இருந்த பிடிப்பு என் செருப்புக்கும் தரைக்கும் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அடுத்த தெரு ஆசாரி வீட்டில் கொட்டாப்புளி வாங்கி வந்தேன். தச்சு வேலையில் உளியைத் தட்டும் மரச் சுத்தி. நான் வாங்கியது பெரியது, சுமார் 2 கிலோ. அதை ஓங்கும்போது அரை நொடி நேரம் என் கை அதற்கு விசை கொடுக்கிறது. அந்த விசை பெரிதாக ஒன்றுமில்லை, சராசரியாக 20 நியூட்டன், அதாவது 2 கிலோ தூக்குகிற அளவு பலம். அரை நொடியில் சுத்தி நொடிக்கு 5 மீட்டர் வேகத்துக்கு வந்துவிடும். 2 கிலோ, 5 மீட்டர் வேகம், ஆக உந்தம் (கிலோவையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது) 10.

அந்த 10 முழுவதும் கல்லில் இறங்க எடுக்கும் நேரம் எவ்வளவு? மரமும் கல்லும் மோதினால் நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு என்று தோராயமாக வைக்கலாம். 10-ஐ 0.005-ஆல் வகுத்தால் 2,000 நியூட்டன். வேண்டியது 340 தான்!

மாதாமாதம் சீட்டுக் கட்டி, மொத்தமாக எடுத்து ஒரே நாளில் கல்யாணச் செலவு செய்கிற மாதிரிதான். கை அரை நொடி முழுக்கச் சிறுகச் சிறுகக் கட்டியதைச் சுத்தி ஐந்து மில்லி நொடியில் செலவு செய்துவிடுகிறது. நேரம் நூறில் ஒரு பங்கு, அதனால் விசை நூறு மடங்கு. பத்தாம் வகுப்புப் பாடத்தில் இதற்குப் பெயர் கணத்தாக்கு. அக்கா மகள் இதை இரண்டு மதிப்பெண் கேள்வி என்று மட்டும் அறிந்திருந்தாள்.

ஒரு அடிக்கு எவ்வளவு நகரும்?

ஏமாற்றமாக இருக்கும், சுமார் 2 மில்லி மீட்டர்.

மோதும் நேரத்தில் உராய்வு தின்றது போக 8.6 அளவு உந்தம் கல்லுக்குக் கிடைக்கிறது. 58 கிலோவால் வகுத்தால் நொடிக்கு 15 செ.மீ. வேகம், அதாவது எறும்பைவிடக் கொஞ்சம் சுறுசுறுப்பு. உடனே உராய்வு பிடித்து இழுத்து நூறில் மூன்று நொடிக்குள் நிறுத்திவிடுகிறது. அதற்குள் போன தூரம் 2.2 மி.மீ. கண்ணுக்குத் தெரியாது. ஐம்பது அடிக்கு 11 செ.மீ. தெரியும்.

நிஜத்தில் அவ்வளவு வந்ததா?

தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு ஆரம்பித்தேன். கல்லில் நேராக அடித்தால் ஓரம் தெறிக்கும் என்பதால் ஒரு பலகைத் துண்டை நடுவில் வைத்துக்கொண்டேன். "டேய், எங்க மாமியார் சீதனமா கொண்டுவந்த கல்லுடா, உடைச்சுத் தொலைக்காதே" என்று அம்மா வாசற்படியில் நின்றுகொண்டு எச்சரித்தாள்.

முதல் நாலைந்து அடிக்குக் கோடு அப்படியே இருந்தது. முப்பது வருடமாக ஒரே இடத்தில் கிடந்த கல், அடியில் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் இறுகிப் போய்ப் பசை மாதிரி பிடித்திருந்தது. ஆறாவதோ ஏழாவதோ அடியில் 'டொக்' என்ற சத்தம் மாறி 'டொப்' என்று கேட்டது. பதினைந்து அடி முடிந்து பார்த்தால் சாக்பீஸ் கோட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் முழுசாக ஒரு விரற்கடைகூட இல்லாத இடைவெளி. அம்மி நின்ற இடத்தில் மட்டும் சிமெண்டு புதிதாக, வெளிறிப் போய், ஓரத்தில் செத்த ரெண்டு பாச்சையோடு தெரிந்தது.

ஐம்பது அடிக்கு 8.5 செ.மீ. வந்தது, கணக்கு 11 என்றது. எல்லா அடியும் ஒரே மாதிரி விழவில்லை, பலகை வேறு கொஞ்சம் குடித்துவிட்டது. ஓரடி தூரத்துக்கு 180 அடிக்குக் கிட்ட ஆனது, நடுவில் ஒரு டீ.

தலையணையால் அடித்தாலும் நகருமா?

நகராது. அதே 10 அளவு உந்தத்தோடு ஒரு மணல் மூட்டையை அம்மி மேல் மோதவிடுங்கள். மூட்டை நசுங்கி நசுங்கி நிற்க இருபதில் ஒரு நொடி எடுத்துக்கொண்டால் விசை 200 நியூட்டன்தான். வாசல்படி 340. ஆயிரம் தடவை மோதினாலும் ஒரு மயிரிழை நகராது.

கிரிக்கெட்டில் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கிறோமே, அதே கணக்குதான். அங்கே நேரத்தை நீட்டி விசையைக் குறைக்கிறோம், இங்கே நேரத்தைச் சுருக்கி விசையைக் கூட்டுகிறோம். அதனால்தான் பழமொழியில் 'அடி' என்ற சொல் விழுந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். "தள்ளத் தள்ள அம்மியும் நகரும்" என்று சொல்லியிருந்தால் பழமொழி தப்பாகியிருக்கும்.

ஒவ்வொரு அடியின் பலமும் கல்லுக்குள் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் ஒருநாள் நகர்கிறது என்று ஒரு பேச்சில் கேட்டேனே?

மேடைப் பேச்சில் நன்றாகத்தான் இருக்கும். அம்மிக்குப் பொருந்தாது. ஒவ்வொரு அடி முடிந்ததும் கல் முழுசாக நின்றுவிடுகிறது. முந்தைய அடியின் வேகமோ ஆற்றலோ அதில் ஒட்டிக்கொண்டிருக்காது, எல்லாம் சூடாகவும் சத்தமாகவும் போய்விட்டது. அடுத்த அடி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். சேர்வது ஒன்றே ஒன்றுதான், நகர்ந்த தூரம்.

அந்தத் தூரத்தைக் காப்பாற்றிக் கொடுப்பது யார் தெரியுமா? உராய்வு. நகரவிடாமல் மல்லுக்கு நின்ற அதே உராய்வுதான், நகர்ந்த 2 மில்லி மீட்டரைத் திரும்பிப் போகவிடாமலும் பிடித்து வைக்கிறது. இரவு தூங்கிவிட்டுக் காலையில் வந்தாலும் கல் விட்ட இடத்தில் இருக்கும். எனக்கு இந்த விஷயம் முழுசிலும் பிடித்தது இதுதான். எதிரி என்று நினைத்தவனே கணக்குப்பிள்ளை வேலையும் பார்க்கிறான்.

ஊஞ்சலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஆற்றல் நிஜமாகவே சேர்கிறது. சரியான நேரத்தில் சின்னச் சின்னதாகத் தள்ளினாலே உயரம் ஏறிக்கொண்டே போகும், ஆனால் தள்ளுவதை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும். நேரம் தவறித் தள்ளினால் இருப்பதும் போகும். அம்மிக்கு நேரம் காலம் கிடையாது, நொடிக்கு ஒரு அடி என்றாலும் நாளைக்கு ஒரு அடி என்றாலும் கிட்டத்தட்ட அதே தூரம்தான்.

கல் குவாரி வேறு கதை. பாறையில் வரிசையாகக் குழி போட்டு ஆப்புகளைச் செருகி, ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டே வருவார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே இறுக்கம் ஏறி விரிசல் நீண்டுகொண்டே போய், ஏதோ ஒரு சாதாரணத் தட்டில் பாறை சட்டென்று பிளக்கும். "சேர்ந்து சேர்ந்து கடைசியில்" என்பது அந்த இடத்துக்குத்தான் பொருந்தும். பேச்சாளர் கல்லை மாற்றிப் போட்டுவிட்டார்.

விடாமல் தள்ளிக்கொண்டே இருந்தால் ஒருநாள் நகராதா?

மாமல்லபுரம் போயிருப்பீர்கள். சரிவில் நிற்கிற அந்த உருண்டைப் பாறை, வான் இறைக் கல், வெண்ணெய் உருண்டை என்றும் சொல்வோம். சுமார் 250 டன். அதன் கீழே நின்று முட்டுக் கொடுப்பது மாதிரி போட்டோ எடுக்காதவர்கள் குறைவு. புவியீர்ப்பு அதைச் சரிவுப் பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது, ஒரு நொடிகூட லீவு போடாமல், பல நூறு வருடங்களாக. அதற்கு மேல் விடாமுயற்சி யாராலும் செய்ய முடியாது. ஆனாலும் அந்த இழுப்பு வாசல்படிக்குக் கீழே இருப்பதால் பாறை அங்கேயே நிற்கிறது, அதன் நிழலில் ஆடு படுத்திருக்கிறது.

அப்படியானால் வேகமாகக் கொஞ்சம் அடிப்பதா, மெதுவாக நிறைய அடிப்பதா?

சந்தேகமே வேண்டாம், வேகமாகக் கொஞ்சம். நகரும் தூரம் வேகத்தின் இருமடிப்படி போகிறது. சுத்தி வேகம் 5 மீட்டர் என்றால் 2.2 மி.மீ. பாதி வேகத்தில், அதாவது இரண்டரை மீட்டரில் அடித்தால் 1.1 வரும் என்று நினைப்பீர்கள், வராது. மோதும்போதே உராய்வு தன் பங்கை எடுத்துவிடுவதால் 0.4 தான் வரும். இரட்டிப்பு வேகத்தில் அடித்தால் 10 மி.மீ.க்கு மேல். ஆக, சோம்பலாக அடித்த ஐந்தாறு அடியும் நல்ல ஒரு அடியும் சமம்.

"ஐம்பது அடியையும் மொத்தமாக ஒரே அடியில் அடித்துவிட்டால்?" என்று மாமா கேட்டார், அவர் எப்போதும் அப்படித்தான். ஒரே அடியில் 10 செ.மீ. நகர்த்த வேண்டுமென்றால் அந்த 2 கிலோ சுத்தி மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் வந்து மோத வேண்டும். விசை ஆயிரத்து இருநூறு கிலோ எடைக்குச் சமம். கல் தெறிக்கும், கொட்டாப்புளி பிளக்கும், ஆசாரிக்குப் பதில் சொல்ல முடியாது. கல்லையும் கருவியையும் காப்பாற்றிக்கொண்டு, ஆனால் வாசல்படியைத் தாராளமாகத் தாண்டுகிற அடி எதுவோ, அதுதான் சரியான அடி.

கனமான சுத்தி நல்லதா, லேசான சுத்தி நல்லதா?

கனமானது. என் ஒரு ஓங்கலில் சுத்திக்குப் போகும் ஆற்றல் 25 ஜூல். அதில் கல்லின் அசைவாக மாறுவது சுமார் 0.6 ஜூல் மட்டும்தான், மீதி சத்தத்துக்கும் சூட்டுக்கும் மரம் நசுங்குவதற்கும் போய்விடுகிறது. அதே 25 ஜூலை 8 கிலோ சம்மட்டிக்குக் கொடுத்தால் வேகம் பாதிதான் இருக்கும், ஆனால் உந்தம் இரண்டு மடங்கு. தூரம் நாலு மடங்குக்கு மேல். தோள்பட்டை தாங்குமா என்பது உங்களுக்கும் உங்கள் தோள்பட்டைக்கும் உள்ள விஷயம்.

தினமும் அதே அம்மியில்தானே குழவியை முன்னும் பின்னும் இழுத்து அரைத்தார்கள்? அப்போது ஏன் நகரவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்டது அத்தை. இருபது வருடம் அரைத்தவர், கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

அரைக்கும்போது கை கொடுப்பது அடி இல்லை, தள்ளு. நூறு நியூட்டன் இருக்கலாம், வாசல்படிக்கு வெகு கீழே. மேலும் குழவியின் கனமும் நாம் அழுத்துவதும் சேர்ந்து அம்மியைத் தரையோடு இன்னும் அழுத்துவதால் வாசல்படியே உயர்ந்துவிடுகிறது. 8 கிலோ குழவி என்றால் கையின் அழுத்தம் சேராமலே 340 என்பது 390 ஆகிவிடும். இதெல்லாம் கனமான அம்மிக்கு. பதினைந்து கிலோ சின்ன அம்மியில் அரைத்துப் பாருங்கள், அது உங்களோடு சேர்ந்து முன்னும் பின்னும் போகும், அடியில் ஈரச் சாக்கு போட்டால்தான் நிற்கும். அத்தையே சொன்னார்: "மெட்ராஸ்ல இருந்தப்போ வெச்சிருந்தது அப்படித்தான்டா, கால் கட்டைவிரலை முட்டுக் குடுத்துத்தான் அரைப்பேன்."

"எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்பதும் இதே கருத்துதானே?

பள்ளிக் கட்டுரையில் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதுவோம். இயற்பியலில் இரண்டும் வேறு வேறு ஜாதி. தேய்மானத்தில் ஒவ்வொரு உரசலும், எவ்வளவு லேசாக இருந்தாலும், மேற்பரப்பிலிருந்து ஏதோ ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு போகலாம். பழைய கிணற்றின் கைப்பிடிச் சுவர்க் கல்லில் கயிறு அறுத்த பள்ளத்தைப் பார்த்திருக்கிறீர்களா? விரல் நுழையும் ஆழத்துக்கு இருக்கும். கயிறு கல்லைவிட மெத்தென்றதுதான், ஆனால் கயிற்றோடு ஒட்டி வந்த மணல் மெத்தென்றதில்லை. அங்கே மென்மையான விடாமுயற்சி பலிக்கும். அம்மியை நகர்த்த அது பலிக்காது. எறும்பை நம்பி டைல்ஸ் வேலையை நிறுத்தி வைக்க முடியாது.

அம்மியே தேயும் என்பதும் உண்மை. அரைத்து அரைத்து வழவழவென்று ஆனால் மசாலா வழுக்கும், சீக்கிரம் அரையாது. அதற்குத்தான் "அம்மி கொத்தறதேய்" என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள். உளியால் பொடிப் பொடியாகக் கொத்தி மறுபடி சொரசொரப்பு ஆக்கித் தருவார்கள்.

இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தது யார்?

உராய்வைப் பற்றி லியோனார்டோ டாவின்சி 15-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார், அது யாருக்கும் தெரியாமல் கிடந்தது. 1687-இல் நியூட்டனின் இயக்க விதிகள் அடங்கிய பிரின்சிப்பியா புத்தகம் வந்தது. 1699-இல் பிரான்சில் அமோன்டன் உராய்வு எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததில்லை என்று சொன்னார். அம்மியைப் படுக்க வைத்தாலும் பக்கவாட்டில் நிறுத்தினாலும் உராய்வு ஒன்றேதான் என்றால் இன்றைக்கும் பலர் நம்புவதில்லை.

மின்னூட்டப் பாடத்தில் வருகிற அதே கூலும் என்ற விஞ்ஞானி 1780-களில் இன்னொன்றைக் கவனித்தார். இரண்டு பொருள்கள், முக்கியமாக மரங்கள், எவ்வளவு நேரம் ஒன்றன்மேல் ஒன்று சும்மா இருக்கின்றனவோ அவ்வளவுக்கு அவற்றைக் கிளப்பும் விசை கூடுகிறது. வழவழப்பாகத் தெரிகிற பரப்புகூட நுண்ணிய மேடு பள்ளம்தான், நிஜமாகத் தொட்டுக்கொண்டிருப்பது சில மேட்டு நுனிகள் மட்டும்தான், நேரம் ஆக ஆக அந்த நுனிகள் நசுங்கிப் பிடிப்பு அதிகமாகிறது என்று 20-ஆம் நூற்றாண்டில் விளக்கம் வந்தது. என் முதல் ஐந்தாறு அடி வீணானதில் எண்ணெய்ப் பிசுக்கோடு இதற்கும் கொஞ்சம் பங்கு இருக்கும்.

"அடி மேல் அடி வைத்தால்" என்பதுதான் சரி என்கிறார்களே? காலடி என்று அர்த்தமாம்.

இரண்டு மாதிரியும் சொல்கிறார்கள். எது மூலம் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. காலடி எடுத்து வைப்பதால் அம்மி எப்படி நகரும் என்று மட்டும் யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளை அடித்து வளர்க்கச் சொல்லும் பழமொழியா இது?

அம்மி கல். பிள்ளை கல் இல்லை. அடுத்த கேள்வி.

இந்த உத்தி வேறு எங்கெல்லாம் இருக்கிறது?

லாரி டயர் கடையில் நின்று பாருங்கள். சக்கரத்து நட் துருப்பிடித்து இறுகியிருக்கும், நீள ஸ்பேனர் போட்டு ஆள் மேலே ஏறி நின்றாலும் அசையாது. காற்று கன்னை வைத்ததும் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம், நட் கழன்றுவிடும். அந்த டர்ர்ர் முழுக்க அடிகள்தான். உள்ளே சுழலும் சின்னச் சுத்தி நொடிக்குப் பல தடவை அடிக்கிறது. பிடித்திருக்கும் கைக்குப் பெரிய திருகல் வராததற்குக் காரணமும் நாம் பார்த்த அதே சீட்டுக் கணக்கு.

சரக்கு ரயில் கிளம்பும்போது பெட்டி இணைப்புகள் ஒவ்வொன்றாக 'டங் டங் டங்' என்று வால் வரை போவதைக் கேட்டிருப்பீர்கள். இணைப்புகளில் கொஞ்சம் தொய்வு இருப்பதால் இன்ஜின் எல்லாப் பெட்டியையும் ஒரே நேரத்தில் கிளப்ப வேண்டியதில்லை, ஒவ்வொன்றாகக் கிளப்பிக்கொண்டு போகலாம். திருவாரூர் ஆழித் தேர் சுமார் 300 டன், அதை வடம் பிடித்து இழுக்க ஆயிரக்கணக்கான பேர் இருந்தும் பின்னாலிருந்து புல்டோசர் வைத்துத் தள்ளுகிறார்கள். நின்ற தேரைக் கிளப்புவது அவ்வளவு பெரிய வேலை.

கேஸ் சிலிண்டரைச் சாய்த்து அதன் விளிம்பில் உருட்டிக்கொண்டு வருவது இந்த ரகத்தில் சேராது. அது உராய்வோடு சண்டையே போடாமல் தப்பிப்பது. உண்மையைச் சொன்னால் அம்மியையும் அப்படித்தான் நகர்த்தியிருக்க வேண்டும், ஒரு பக்கம் கடப்பாரையால் நெம்பி, உருட்டுக்கட்டை ரெண்டு செருகி. டைல்ஸ் போட வந்த தம்பி இதைச் சொன்னது நான் 180 அடி அடித்து முடித்த பிறகு.

அப்போ விடாமுயற்சி பற்றிய பழமொழி இல்லை என்கிறீர்களா?

விடாமுயற்சியும்தான். ஆனால் அதில் இரண்டு நிபந்தனை இருக்கிறது, எல்லாரும் அதை விட்டுவிட்டுச் சொல்கிறோம். ஒவ்வொரு அடியும் தனியாகவே வாசல்படியைத் தாண்ட வேண்டும், நகர்ந்தது நகர்ந்த இடத்திலேயே நிற்கிற வேலையாகவும் இருக்க வேண்டும். மூன்று தடவை பரீட்சையில் தவறிய என் நண்பனிடம் எல்லாரும் இந்தப் பழமொழியைச் சொன்னார்கள். அவன் மூன்று தடவையும் பரீட்சைக்கு முந்தின இரண்டு நாள்தான் படித்தான், நடுவில் படித்ததை மறந்தும் போனான். இரண்டு நிபந்தனையுமே இல்லை. அவனிடம் இதை எடுத்துச் சொன்னபோது, "நீ அம்மியோட இரு" என்று போனை வைத்துவிட்டான்.

வீட்டில் அம்மி இல்லை. எதை வைத்துச் செய்து பார்ப்பது?

ஐந்து கிலோ அரிசி போட்ட எவர்சில்வர் டப்பா போதும். டப்பாவின் அடிப்பாகத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, அதில் ரப்பர் பேண்டு மாட்டி மெதுவாக இழுங்கள். கிளம்பும் நொடியில் ரப்பர் எவ்வளவு நீண்டது, நகரும்போது எவ்வளவு நீண்டிருக்கிறது என்று ஸ்கேலில் பாருங்கள். கிளம்பியதும் நீளம் கொஞ்சம் குறையும், இரண்டு உராய்வுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அப்புறம் டப்பாவின் அடிப்பக்கத்தில் ஒரு மரக்கரண்டியால் தட்டுங்கள், பிறகு அதே கரண்டியில் துண்டைத் தடியாகச் சுற்றி அதே வேகத்தில் தட்டுங்கள். தரையில் பென்சில் கோடு போட்டுக்கொள்ள மறக்க வேண்டாம், கண்ணை நம்ப முடியாது.

உராய்வுக் குணகத்துக்கு ஒரு பலகை வேண்டும். எதன் மேல் எது வழுக்க வேண்டுமோ அதை அதன் மேல் வைத்து, ஒரு முனையை மெல்ல மெல்லத் தூக்குங்கள். வழுக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, தூக்கிய முனை தரையிலிருந்து எவ்வளவு உயரம், அதற்கு நேர் கீழே உள்ள புள்ளி மறுமுனையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து, உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் ஆயிற்று. நான் ஒரு கருங்கல் சில்லை உடைந்த சிமெண்டுப் பலகையில் வைத்துத் தூக்கினேன். மூன்று தடவை செய்ததில் 0.57, 0.63, 0.6 வந்தது. நாலாவது தடவை அம்மா அந்தச் சில்லைப் பார்த்துவிட்டு, இது எந்தக் கல்லின் ஓரம் என்று கேட்டதால் அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.